தொண்ணூறாம் நாள்

முடிவு வந்துவிட்டது:
வித்தியாசம் இல்லை.

இரண்டு வருஷம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.
நுரை தெரியாமலிருக்க மஞ்சள் உறை போட்ட புட்டிகள்.
எதில் ஆல்புமின், எதில் வெறும் உப்புநீர் என்று
ஏற்றிய எனக்கும் தெரியாது,
ஏற்றிக்கொண்டவர்களுக்கும் தெரியாது.
இன்று காலை தெரிந்தது.
தெரிந்தும் ஒன்றுமில்லை.

டாக்டர் ஹுலான் கணினியை மூடிவிட்டு
ஜன்னலருகே போய் நின்றார்.
வெளியே உலான்பாத்தர்
நிலக்கரிப் புகையில் கழுத்துவரை மூழ்கிக் கிடந்தது.
மைனஸ் முப்பத்தெட்டு.
"இல்லை என்பதும் ஒரு பதில்தான்" என்றார்,
கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பியவர் குரலில்.

நான் பேசவில்லை.
எனக்கு 146-ம் 147-ம் ஞாபகம்.

147, லாம்ஜாவ்.
கோபிப் பக்கத்துக் குதிரைக்காரர்.
எப்போதோ ஏதோ ஓர் ஊசிமுனையில் ஏறிய வைரஸ்
முப்பது வருஷம் சத்தமில்லாமல் ஈரலைத் தின்றிருந்தது.
வயிற்றில் ஊசி வைத்து இழுத்தேன்;
திரிந்த குதிரைப்பால் நிறத்தில் நீர் வந்தது.
கிருமி.
கையை நீட்டச் சொன்னேன்.
எதிர்காற்றில் நிற்க முடியாத பறவை போல
மணிக்கட்டு படபடத்தது.
நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள் என்றேன்.
அவர் குதிரைகளை எண்ணினார்:
செவலை. நெற்றிச்சுட்டி.
கருங்கால் பழுப்பு. நொண்டிச் சாம்பல்.
ஏழில் நின்று, கண்ணை இடுக்கி,
"ஒன்று குறைகிறது" என்றார்.
படிவத்தில் எழுதினேன்: பதில் தவறு.

கையெழுத்து அவர் மனைவி போட்டாள்.
எங்கள் மொழியில் ஈரலுக்கும் உறவுக்கும் ஒரே வேர்.
தாய் தகப்பன் இருவரும் உயிரோடிருக்கும் பிள்ளையை
ஈரல் முழுசானவன் என்போம்.
ஒப்புதல் படிவத்தில் அந்தச் சொல் பத்தொன்பது இடத்தில் வரும்.
நான் வாசிக்க வாசிக்க,
ஒவ்வொரு இடத்திலும்
அவள் மகனைத் திரும்பிப் பார்த்தாள்.

146, செரென்காந்து. பள்ளிக்கூடச் சமையல்காரி.
அதே இரவு, அடுத்த கட்டில்,
அதே கிருமி, ஏறக்குறைய அதே எண்கள்.
நினைவு மட்டும் தெளிவு.
என் மதியச் சாப்பாட்டை எட்டிப் பார்த்து
"மாவு சரியாகப் பிசையவில்லை" என்றாள்.
எட்டாம் நாள் சிறுநீர்ப் பை நிறையவில்லை.
ஒன்பதாம் நாள் விடிவதற்குள் முடிந்தது.
அவள் பூட்ஸ் இன்னும் சாமான் அறையில் இருக்கிறது.
அட்டவணையில் பூட்ஸுக்குக் கட்டம் கிடையாது.

பிறகு தொண்ணூறாம் நாள்.
விதிப்படி நான் போன் செய்து கேட்க வேண்டியது
ஒரே கேள்வி.
கட்டங்கள் மூன்று: இருக்கிறார், இல்லை, தெரியவில்லை.
மூன்று நாள் லைன் கிடைக்கவில்லை.
நாலாம் நாள் மகன் எடுத்தான்.
கூடாரத்து நடுக்கம்பத்தில்,
சிக்னல் எட்டும் உயரத்தில் கட்டித் தொங்கவிட்ட போன்.
குரலைவிடக் காற்றுதான் அதிகம்.
"அப்பா இல்லை" என்றான்.

ஈரக்குலை ஒரு கணம் உறைந்தது.
பேனா தானாக இரண்டாம் கட்டத்துக்குப் போனது.
புள்ளி வைத்துவிட்டேன். அந்தப் புள்ளி இன்னும் இருக்கிறது,
அடித்துத் திருத்தி, தேதி போட்டு, சுருக்கொப்பம் வைத்தபடி.
ஏனென்றால் அவன் மேலும் சொன்னான்:
"பனிப்புயலில் ஒரு குதிரை தொலைந்தது.
தேடப் போயிருக்கிறார்.
போகாதே என்றால் கேட்கிற ஆளா?"

இரண்டு புட்டிகளுக்கும் வித்தியாசம் இல்லை.
சரி, நம்புகிறேன்.
எண்ணியது நான்தானே.
இருந்தாலும் இரண்டு கட்டில்களுக்கு நடுவே,
நான் நின்று ஊசி மாற்றிய
அந்த இரண்டடித் தரையில்
ஏதோ ஒன்று இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ சாய்ந்தது.
அதற்கு எங்களிடம் இன்னும் பெயர் இல்லை.
அடுத்த ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு
டாக்டர் ஹுலான் எழுத ஆரம்பித்துவிட்டார்.

பின்தொடர்தல் காலம் முடிந்தது.
இனி யாரையும் அழைக்க எனக்கு வேலையில்லை.
இருட்டியபின், என் சொந்தப் போனில்
அந்த எண்ணை அழுத்தினேன்.

மணி அடிக்கிறது.
கம்பத்தில் கட்டியதை அவிழ்க்க நேரமாகும்.
வைக்காமல் இருக்கிறேன்.